வெயில் வந்தால் ஐஸ் போகும், கல் வரும்: பிப்ரவரியில் ஸ்பிட்டி

பிப்ரவரி 3, ராம்பூர்

நார்கண்டா வழி மூடிவிட்டது என்று சிம்லாவிலேயே சொல்லிவிட்டார்கள். முந்தின ராத்திரி விழுந்த பனியில் லாரிகள் ஏற முடியாமல் குறுக்கே நின்றுவிட்டன, போலீஸ்காரர்கள் எல்லா வண்டிகளையும் பசந்த்பூர் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்ட 2,700 மீட்டர் உயரத்தில் மலைமுகட்டில் இருக்கிற ஊர் அது, ஒவ்வொரு குளிர்காலமும் சில தடவையாவது இப்படி ஆகுமாம். சுற்றுதான், ஆனால் சுன்னி, லூரி என்று சட்லஜ் கரைக்கு இறங்கிவிட்டால் அப்புறம் ஆற்றை ஒட்டியே ராம்பூர் வரைக்கும் பனித் தொல்லை இல்லை.

நாங்கள் அக்கா, அத்தான், நான். இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிட்டி பள்ளத்தாக்கைக் குளிர்காலத்தில் காட்டி, இணையத்தில் 'வொயிட் ஸ்பிட்டி' என்று வெள்ளை வெளேரென்று வருகிற விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து அத்தான் கிளப்பிய பயணம். மணாலியிலிருந்து ஸ்பிட்டிக்குப் போகிற குன்சும் கணவாய் குளிர்காலம் முழுக்க மூடியே கிடக்கும், அதனால் சட்லஜை ஒட்டிய கின்னௌர் மாவட்டத்து வழியை விட்டால் வேறு கிடையாது. அதுவும் நல்லதுதான், படிப்படியாக உயரம் ஏறுவதால் உடம்பு பழகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

வண்டி பொலேரோ. ஓட்டுபவர் கின்னௌர்க்காரர், ஐம்பது வயது இருக்கும், பச்சை வெல்வெட் பட்டை வைத்த கம்பளித் தொப்பியைத் தூங்கும்போதுகூடக் கழற்றுவாரா என்று சந்தேகம். அந்தப் பக்கம் டிரைவர்களை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அத்தான் முன்சீட்டில் மேப்பைப் பார்த்துக்கொண்டே எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம், நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்கக் கேட்க, அவரிடமிருந்து ஒரே பதில்: "தேக்தே ஹை." பார்க்கலாம். சாயங்காலத்துக்குள் அத்தானுக்கு அந்த பதில் மேலேயே கோபம் வந்துவிட்டது. "கேட்டதுக்கு நேரா பதில் சொல்ல மாட்டேங்கிறாரேம்மா."

ராம்பூரில் ராஜ்மாவும் சோறும் தட்டு 100 ரூபாய். இங்கே உயரம் 1,000 மீட்டர்தான், ஒரு ஸ்வெட்டரோடு சமாளித்துவிடலாம்.

பிப்ரவரி 4, கல்பா

கின்னௌருக்குள் நுழைந்ததும் ரோடே மாறிவிடுகிறது. தராண்டா பக்கம் பாறையைக் குடைந்து வழி வெட்டியிருக்கிறார்கள், தலைக்கு மேலேயும் பாறை, ஒரு பக்கம் மட்டும் திறப்பு, கீழே வெகு ஆழத்தில் சட்லஜ். நிகுல்சரி வந்ததும் உஸ்தாத் பாட்டை நிறுத்தினார். 2021 ஆகஸ்ட் 11 அன்று மலை சரிந்து ஒரு பஸ்ஸும் வேறு வண்டிகளும் புதைந்து 28 பேர் இறந்துபோன இடம். மரியாதைக்காக நிறுத்துகிறார் என்று நினைத்தால், அடுத்து ஜன்னலையும் இறக்கினார். உள்ளே வந்த காற்றில் அக்கா போர்வையை இழுத்துக்கொண்டு முணுமுணுத்தாள். கல் வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும், பாட்டும் கண்ணாடியும் இருந்தால் எப்படிக் கேட்பது என்றார். அதற்கப்புறம் யாரும் ஜன்னலைப் பற்றிப் பேசவில்லை.

கல்பா 2,960 மீட்டர். தங்கின வீட்டு மாடியிலிருந்து கின்னர் கைலாஷ் நேர் எதிரே. சாப்பாட்டுக்கு சில்ட்டா போட்டார்கள், பக்வீட் என்கிற ஓக்லா மாவைக் கரைத்துக் கல்லில் ஊற்றுவது, நம் கரைச்ச மாவு தோசைக்குத் தங்கச்சி. கூடவே பாதாம்பருப்பு போல வறுத்த சில்கோசா ஒரு கிண்ணம். அந்தப் பைன் மரப் பருப்பின் விலையைக் கேட்டுவிட்டு அக்கா கிண்ணத்தை மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தாள்.

இங்கே ஒரு கூத்து. குளியலறைக் குழாயை மெல்லிய நூலாக ஒழுகும்படி திறந்துவைத்துவிட்டுப் போயிருந்தார் வீட்டு அம்மா. ராத்திரி ஒரு மணிக்கு அந்தச் சத்தம் பொறுக்காமல், "இவ்வளவு தண்ணியை வீணாக்கறாங்களே" என்று அத்தான் எழுந்துபோய் இறுக மூடிவிட்டார். ஓடுகிற தண்ணீர் சீக்கிரம் உறையாது என்பதற்காகத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள். காலையில் குழாய் கல் மாதிரி கிடந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை, கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து குழாய்மேல் துணியைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே அத்தானைப் பார்த்துச் சிரித்தார். திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

பிப்ரவரி 6, தாபோ

இன்றைக்குத்தான் 'தேக்தே ஹை' என்றால் என்ன என்று எங்களுக்குப் புரிந்தது.

கல்பாவிலிருந்து ரெக்காங் பியோவுக்கு இறங்குகிற வளைவுகளில் ஐஸ். பனி வேறு, இந்த ஐஸ் வேறு. பனி கண்ணுக்குத் தெரியும், டயர் பதியும். பகலில் ஓரத்துப் பனி உருகி ரோட்டின் குறுக்கே கசியும், ராத்திரி அதுவே இறுகும், கண்ணாடிபோல இருப்பதால் அடியில் இருக்கிற தார்தான் தெரியும், ஈர ரோடு என்று நினைத்துவிடுவோம். வெயிலே படாத வடக்குப் பார்த்த வளைவுகளில் நாள் கணக்கில் அப்படியே கிடக்கும். 9 மணிக்கு மேல் கிளம்பினால் பாதி ஐஸ் இளகியிருக்கும். ஆனால் 9 மணிக்குக் கிளம்பினால் நாக்கோவைத் தாண்டியிருக்கிற மலிங் நாலா என்கிற மலையோடைக்குப் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிடும். அந்த நேரத்து வெயிலில் அங்கே மேலேயிருந்து கல் இறங்கும். பாறை விரிசலுக்குள் இருக்கிற தண்ணீர் ராத்திரி உறைந்து, விரிந்து, கல்லை நெம்பி வைத்திருக்கும். வெயில் பட்டு அந்தப் பிடி விட்டதும் கல் புறப்பட்டுவிடும். ஆக ஒரு இடத்துக்கு வெயில் வந்த பிறகு போக வேண்டும், இன்னொரு இடத்துக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் போக வேண்டும், இரண்டும் ஒரே நாளில் ஒரே ரோட்டில் இருக்கின்றன. இதை மேப் எப்படிக் கணக்குப் போடும்?

உஸ்தாத் விடிவதற்கு முன்பே கிளம்பலாம் என்றார். காரணமும் சொன்னார்: "ஐஸ் என் கையில் இருக்கு, கல் மலையோட கையில் இருக்கு."

பின்சக்கரங்களில் சங்கிலி மாட்டி, முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல் அந்த இறக்கத்தை இறங்கினோம். ஒரு வளைவில் நிறுத்திவிட்டு இறங்கிப்போனார். ஓரத்து மண்ணைக் கடப்பாரையால் குத்தி, சட்டியில் அள்ளி, டயர் போகிற தடத்தில் மட்டும் விதை தூவுகிற மாதிரி தூவினார். அவர் செருப்பு வழுக்கி ஒரு தடவை உட்கார்ந்தார், சட்டியிலிருந்த மண் கொட்டவில்லை. வண்டி ஏறியதும் சக்கரங்களை மலைப் பக்கமாகவே ஒடித்துவைத்து ஊர்ந்தார், சறுக்கினால் மலையில் போய் இடிக்கட்டும், பம்பர்தானே போகும் என்று. பியோவுக்குக் கீழே சங்கிலியைக் கழற்றி வைத்த பிறகுதான் எல்லாருக்கும் டீ குடிக்கிற நினைப்பே வந்தது.

காப் என்கிற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லஜில் வந்து கலக்கிறது. பாலம் தாண்டியதும் மொட்டை மலையில் வளைந்து வளைந்து ஏறி நாக்கோ, 3,600 மீட்டருக்கு மேல். ஏரி முழுக்க உறைந்து பிள்ளைகள் அதன்மேல் வழுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா இறங்கிப் பார்க்கலாமே என்றாள், உஸ்தாத் கைக்கடிகாரத்தைக் காட்டினார். திரும்பி வரும்போது பார்க்கலாமாம்.

மலிங் நாலாவில் சாலைப் பணியாள் ஒருவர் மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறார். மலை முழுக்கத் தளர்ந்த சரளை. அவர் கையசைத்தால் ஒரு வண்டி போகலாம், அது அந்தப் பக்கம் ஏறிய பிறகுதான் அடுத்தது. எங்கள் முறை வந்தபோது முட்டை அளவு கல் ஒன்று துள்ளித் துள்ளி வந்து ரோட்டைக் கடந்து பள்ளத்தில் போனது. அவர் கையைத் தூக்கி நிறுத்தினார், ஒரு பீடி புகைகிற நேரம், அப்புறம் போ என்றார். அத்தான் மேப்பை அணைத்துப் பையில் வைத்ததை நான் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

தாபோ மடாலயம் கி.பி. 996-ல் கட்டியது, மண்சுவர். 1975 ஜனவரி 19 கின்னௌர் நிலநடுக்கத்தில் அடிபட்டும் நிற்கிறது. உள்ளே ஓவியங்களைப் பார்க்க டார்ச் வேண்டும். குளிரில் போன் 40 சதவீதத்திலிருந்து சட்டென்று அணைந்துவிட்டது, அதனால் பாதி ஓவியங்கள் இருட்டிலேயே போயின.

பிப்ரவரி 7, காஜா

முன்கூட்டியே பணம் கட்டிப் பதிவு செய்திருந்த இடத்தில் பூட்டு தொங்கியது. போன் போட்டால், குளிர்காலத்துக்கு மூடிவிட்டோமே, உங்களுக்குச் சொல்லவில்லையா என்கிறார். சொல்லவில்லை. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார், இதை எழுதுகிற வரைக்கும் வரவில்லை. காஜாவில் குளிர்காலத்தில் பெரும்பாலான விடுதிகள் மூடிவிடும், வீடுகளில்தான் தங்க வேண்டும் என்று உஸ்தாத் அவருக்குத் தெரிந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஆளுக்கு 1,500 ரூபாய், மூன்று வேளைச் சாப்பாட்டோடு.

வீட்டுக்கு நடுவில் ஒரு அறை, அதில் தகரப்பெட்டி அடுப்பு, தந்தூர் என்கிறார்கள், புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு போகிறது. குளிர்காலம் முழுக்கக் குடும்பமே அந்த அறையில்தான் வாழ்கிறது. ராத்திரி தூங்கும்முன் அடுப்பை அணையவிடுகிறார்கள். படுக்கிற அறைக்குக் கரிச்சட்டி கேட்ட அத்தானுக்கு அந்த வீட்டுப் பாட்டி விரலை ஆட்டி, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் காட்டினார். மூடின அறையில் கரி எரித்தால் காலையில் எழுந்திருக்க மாட்டாய் என்று அர்த்தம். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ராத்திரி மைனஸ் 20-ஐ ஒட்டி. தண்ணீர் பைப்பெல்லாம் எப்போதோ உறைந்துவிட்டதால் அடிபம்பிலிருந்து கேனில் வருகிறது. கக்கூஸ் உலர் வகை, ஒரு குழி, பக்கத்தில் மண், மண்ணைத் தள்ளிவிட்டு வர வேண்டும். இந்த ஊருக்கு அதுதான் சரி. அக்காவுடைய இன்சுலின் பேனா ஒரு தடவை உறைந்தாலே அதற்கப்புறம் பயன்படாது என்பதால் அவள் அதை உள்சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு தூங்கினாள். இந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. தென்துக் என்று மாவைக் கிள்ளிப் போட்ட சூப் கொடுத்தார்கள், மூன்று நாள் அதையே தந்தாலும் சாப்பிட்டிருப்பேன். தந்தார்கள்.

உஸ்தாத் பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் படுத்தார். ஹேண்ட்பிரேக் போடுவதில்லை, உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் நிறுத்தி டயருக்குக் கல் கொடுக்கிறார். டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய், இல்லாவிட்டால் காலையில் மெழுகுபோலத் திரிந்துவிடும்.

பிப்ரவரி 9, காஜா

நேற்று ஹிக்கிம் கிராமத்துக்குப் போனோம், 4,400 மீட்டருக்கு மேல், எல்லாரும் பார்க்கப் போகிற அந்தத் தபாலாபீஸ் பூட்டியிருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

இன்றைக்கு விடிகாலையிலிருந்து பனி. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கிளம்பி மேற்கே இருந்து வருகிற காற்றழுத்தக் கலக்கம், டிவியில் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் என்று சொல்வார்களே அதுதான், குளிர்காலத்தில் இந்த மலைகளுக்கு வருகிற பனிக்கெல்லாம் அதுவே காரணம். வானிலைத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்திருந்தது, உஸ்தாத் நேற்றே வானத்தைப் பார்த்துவிட்டு மளிகைக் கடைக்குப் போய் பீடிக்கட்டு நிறைய வாங்கி வைத்திருந்தார்.

பனி விழுவது அழகாகத்தான் இருந்தது, ஒரு மணி நேரத்துக்கு. அப்புறம் வீட்டுக்காரர், அவர் மகன், பக்கத்து வீட்டுப் பெண் எல்லாரும் கூரை ஏறிவிட்டார்கள். இங்கே கூரை தட்டை, மரத்துக்கு மேல் குச்சி, அதற்கு மேல் மண். பனி அங்கேயே கிடந்தால் பாரம், உருகினால் மண்ணுக்குள் இறங்கி அறைக்குள் ஒழுகும். நீளக் கம்பின் முனையில் பலகை அறைந்து வைத்திருக்கிறார்கள், அதைத் தள்ளிக்கொண்டே விளிம்புக்குப் போய்க் கீழே கொட்ட வேண்டும். நானும் ஏறி ஒரு பலகையை வாங்கினேன். நாலு தள்ளு தள்ளுவதற்குள் மூச்சு முட்டியது, கடல்மட்டத்தில் இருக்கிற காற்றில் மூன்றில் இரண்டு பங்குதான் இங்கே. அந்தப் பெண் என்னை விடப் பத்து வயது பெரியவள், பாட்டுப் பாடிக்கொண்டே தள்ளுகிறாள். தள்ளி முடித்துத் திரும்பினால் முதலில் தள்ளிய மூலை மறுபடி வெள்ளையாக இருந்தது. அன்றைக்கு மட்டும் எத்தனையோ தடவை ஏறினார்கள், ராத்திரி டார்ச் கட்டிக்கொண்டும்.

இவ்வளவு பனி இருக்கிறதே, உருக்கிக் குளிக்கலாமே என்றாள் அக்கா. வீட்டுக்காரி ஒரு அண்டா நிறையப் பனியை அமுக்கி அடுப்பில் வைத்துக் காட்டினாள். புதுப்பனியில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர். அடியில் கொஞ்சம் கலங்கல் நின்றது, அதற்கு எரிந்த விறகைப் பார்த்தபிறகு குளிக்கிற பேச்சு இல்லை.

பிப்ரவரி 11, அதே வீடு

கரண்ட் இல்லை, அதனால் டவர் இல்லை. ரோடு மூடியாகிவிட்டது. சும்டோ பக்கத்தில் ஒன்று, மலிங்கில் ஒன்று என்று பனிச்சரிவு இறங்கியிருப்பதாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

இன்றைக்கு நல்ல நீல வானம், வெயில். எதிர்வீட்டில் தங்கியிருந்த இளைஞர் கூட்டம் ஒன்று, வெயில் அடிக்கிறதே, இன்னும் ஏன் நிற்கிறோம் என்று தங்கள் டிரைவரோடு சண்டை. ரயிலை விட்டால் யார் பணம் தருவது என்றான் ஒருவன். அந்த டிரைவர் சின்னப் பையன், பதில் சொல்லத் தெரியாமல் நின்றான். எங்கள் உஸ்தாத் போய் அவனுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு பொறுமையாகச் சொன்னார்: பனி விழுந்து முடிந்து வெயில் வருகிற முதல் இரண்டு நாள்தான் மோசம். புதுப்பனி பழைய பனியோடு இன்னும் ஒட்டியிருக்காது, வெயிலில் பிடி தளர்ந்து மேல்படுகை அப்படியே கழன்று வரும். சண்டிகரில் இருக்கிற ராணுவ ஆராய்ச்சி நிலையம், டிஜிஆர்ஈ, இதற்கென்றே பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது, அதையாவது பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றார். 2025 பிப்ரவரி 28-ல் உத்தராகண்டில் மாணா அருகே சாலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த முகாம் மேலேயே பனிச்சரிவு விழுந்து 8 பேர் இறந்தார்கள், மலை தெரிந்தவர்களுக்கே அந்த கதி. பையன்கள் அடங்கினார்கள், ஒருவன் மட்டும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

'வொயிட் ஸ்பிட்டி' விற்பவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இதுதான். எத்தனை இரவு, எத்தனை பகல் என்று அச்சடித்து, கடைசி நாள் மத்தியானத்துக்கு விமானமும் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த அவசரத்தை இருபத்திரண்டு வயது டிரைவர் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

மீதிப் பொழுதெல்லாம் சீட்டாட்டம், வெண்ணெய்த் தேநீர். அத்தானுக்கு அந்த உப்புத் தேநீர் பிடித்துப்போய்விட்டது. ரசம் என்று நினைத்துக் குடித்தால் சரியாக இருக்கிறதாம்.

பிப்ரவரி 13, நாக்கோ

எல்லைச் சாலைகள் அமைப்பின் டோசர் காஜா பக்கம் வரை வந்துவிட்டது என்று தெரிந்ததும் நேற்று தாபோ, இன்று அதிகாலை அங்கிருந்து. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர், நடுவில் ஒரு வண்டி போகிற சந்து. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் அகலமான இடம் வரைக்கும் பின்னால் போக வேண்டும். ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது மலை வழக்கம், ஹார்ன் அடிக்காமல் கையைக் காட்டியே பேசிக்கொள்கிறார்கள்.

மலிங்கில் மூன்று மணி நேரம். ஜேசிபி ஒரு வாளி அள்ளிப் பள்ளத்தில் கொட்டும், மேலேயிருந்து அரை வாளி இறங்கும். மேலே பார்த்துக்கொண்டிருந்தவர் விசில் ஊதினால் ஜேசிபிக்காரர் அப்படியே பின்வாங்குவார், அடங்கியதும் மறுபடி வருவார். வேலை பார்க்கிற தொழிலாளர்களில் நிறையப் பேர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள், ரப்பர் பூட்ஸுக்குள் பிளாஸ்டிக் கவர் சுற்றிக்கொண்டு. தார் டின்னில் நெருப்பு மூட்டியிருந்தார்கள், எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அலுமினியச் சட்டியில் காய்ச்சிய டீயை எங்களுக்குத்தான் முதலில் ஊற்றினார்கள். காசு வாங்கவில்லை. அக்கா பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை நீட்டினாள், அது கைமாறிக் கைமாறி ஜேசிபி வரைக்கும் போனது.

தாண்டியாகிவிட்டது என்று மூச்சு விட்ட பிறகுதான் அது நடந்தது. நாக்கோவுக்கு முன்னால் நிழல் வளைவு ஒன்று. வண்டியின் பின்பக்கம் மட்டும் மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் போக ஆரம்பித்தது. வேகமே இல்லை, நடக்கிற வேகம்தான், அதனால் முழுதாகப் பார்க்க முடிந்தது. உஸ்தாத் பிரேக்கைத் தொடவில்லை, ஸ்டியரிங்கைச் சறுக்குகிற பக்கமே கொஞ்சம் திருப்பிவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டார். டோசர் ஒதுக்கி வைத்திருந்த பனிக்குவியலில் பின்பம்பர் பொத்தென்று உட்கார்ந்து நின்றது. "இறங்குங்க, மலைப் பக்கம் இருக்கிற கதவால" என்றார் சாதாரணக் குரலில். இறங்கினோம். கால் ஊன்ற முடியவில்லை, அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே நகர்ந்தோம். மண் தூவி, சங்கிலியை இறுக்கி, பின்னால் வந்த லாரிக்காரர்கள் நாலு பேர் தள்ளி, வண்டி வெளியே வந்தது. லாரிக்காரர்கள் நன்றியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள், அவர்களுக்கும் வெயிலுக்கு முன்னால் கடக்க வேண்டிய இடம் ஏதோ இருந்திருக்கும்.

ஏரியைப் பார்க்கலாமா என்று உஸ்தாத் கேட்டார். வேண்டாம் என்றாள் அக்கா, இன்றைக்கு ஐஸைப் பார்த்தது போதுமாம்.

பிப்ரவரி 14, ராம்பூர்

50 ரூபாய்க்கு ஒரு வாளி வெந்நீர். நான் இரண்டு வாங்கினேன், அத்தான் மூன்று.

கல்காவிலிருந்து போட்டிருந்த ரயில் டிக்கெட் போயே போச்சு. காஜாவில் சும்மா நின்ற நாட்களுக்கு என்ன கணக்கு என்று சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் கேட்டார். நாள் வாடகை 4,500 ரூபாய், நின்ற நாளுக்கு அதில் பாதி என்றார் உஸ்தாத். பேரம் பேசுவதில் அத்தானை மிஞ்ச ஆள் கிடையாது, என்ன நடக்கப்போகிறதோ என்று பார்த்தால், எண்ணி முழு வாடகையாகவே கொடுத்தார். உஸ்தாத் திரும்ப எண்ணிப் பார்த்துவிட்டுப் பாதியை மேஜைமேல் வைத்தார், வண்டி ஓடாத நாளுக்கு டீசல் செலவு இல்லையே என்று. கடைசியில் பின்பம்பர் நெளிசலுக்கு என்று சொல்லித்தான் வாங்க வைக்க முடிந்தது.

குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்ற நாளுக்கு எவ்வளவு என்பதைச் சிம்லாவிலேயே பேசிக்கொள்ளுங்கள், திரும்புகிற டிக்கெட்டுக்கு முன்னால் குறைந்தது நாலு நாளாவது காலியாக விட்டுவிடுங்கள், கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் காஜாவில் ஏடிஎம்மும் கிடையாது, போனில் பணம் அனுப்பவும் முடியாது.